மரிம்பா வாசிக்கும் பிள்ளைக்குக் கை காய்த்துப்போனால்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மகள் பதினோராம் வகுப்பு. கோத்தகிரியிலிருந்து குன்னூருக்குப் பஸ்ஸில் போய்ப் படிக்கிறாள். நான்கு மாதமாகப் பள்ளியில் மரிம்பா வாசிக்கிறாள், அதாவது மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிய தாளக்கருவி. அதை அடிக்க ஒரு கைக்கு இரண்டு என்று நான்கு மேலட் (தலை வைத்த அடிகுச்சி) பிடிக்கிறாள். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் காய்ப்பு. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே கொப்புளம் வந்து, உடைந்து, மறுபடி வருகிறது. பத்து நாளாக வலது சுண்டுவிரலின் அடியில் வலி, காலையில் எழுந்ததும் விரலை மடக்கச் சிரமப்படுகிறாள். ஆறு வாரத்தில் பள்ளி நிகழ்ச்சி. அவளுடைய அம்மாயி தினமும் விண்டர்கிரீன் தைலம் தேய்த்துவிடுகிறார். காய்ப்பைச் சீவிவிடலாமா, கையுறை போட்டு வாசிக்கலாமா, வாசிப்பதையே நிறுத்திவிடச் சொல்லவா என்று கேட்கிறீர்கள்.

சீவ வேண்டாம். கையுறை வேண்டாம். நிறுத்தவும் வேண்டாம், ஆனால் அடுத்த இரண்டு வாரத்துக்கு, இப்போது வாசிப்பதில் அரைவாசிக்கும் கீழே குறைத்தே ஆக வேண்டும். ஏன் என்பதுதான் நீளமான பதில்.

நான் மருத்துவன் இல்லை. இருபது வருடமாக இந்த மலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாளக்கருவி சொல்லிக்கொடுக்கிறேன், சைலபோன், மரிம்பா, பேண்டில் தோளில் மாட்டும் மணிக்கருவி எல்லாம். என் கையே பலமுறை காய்த்து உதிர்ந்திருக்கிறது. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். மருத்துவரிடம் போக வேண்டிய இடம் எது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் காய்ப்பு. தோலின் மேலடுக்கு ஒரே இடத்தில் தினமும் அழுத்தமும் உரசலும் வாங்கினால், உடம்பு அங்கே செல்களை அதிகமாக உற்பத்தி செய்து அடுக்கிவிடும். அவ்வளவுதான் அது, நோய் கிடையாது. உங்கள் ஊரில் கொழுந்து கிள்ளுகிற பெண்களின் கையைப் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருமிடத்தில் தேயிலைக் கறை ஏறிக் கறுத்து, தோல் தடித்திருக்கும். உங்கள் மகளின் காய்ப்பும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கிறது. காரணமும் ஒன்றே: கட்டைவிரல் ஒரு தண்டை ஆள்காட்டி விரலோடு சேர்த்துப் பிடிக்கிறது. கொழுந்து கிள்ளுகிறவர் எட்டு மணி நேரம் கிள்ளினாலும் காம்பை நசுக்குவதில்லை, லேசாக ஒடித்து எடுத்துவிடுகிறார். நான்கு மாதப் பிள்ளைக்கு அந்த லேசு இன்னும் வரவில்லை.

கொப்புளம் வேறு கதை. காய்ப்பு மெதுவாக வரும் உரசலுக்கு உடம்பு சொல்லும் பதில். கொப்புளம், தோலுக்குத் தயாராக நேரமே கொடுக்காமல் இழுத்ததன் விளைவு. மேல்தோலுக்குள்ளேயே அடுக்குகள் பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கொப்புளம் வருகிறதென்றால் அங்கே மேலட் நழுவிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். நான் புதுப் பிள்ளைகளின் பிடியைப் பார்ப்பதற்கு முன் உள்ளங்கையைத்தான் திருப்பிப் பார்ப்பேன். எங்கே சிவந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பாதி தெரிந்துவிடும்.

உங்கள் மகளின் கொப்புளம் மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே என்றதும், அவள் பிடிப்பது ஸ்டீவன்ஸ் பிடி என்று நினைக்கிறேன். லீ ஹோவர்ட் ஸ்டீவன்ஸ் என்கிற அமெரிக்க மரிம்பாக் கலைஞர் வகுத்த முறை. கிளேர் ஓமர் மஸ்ஸர் என்பவரின் பழைய பிடியிலிருந்து வளர்த்தெடுத்தது. இதில் வெளிப்பக்க மேலட்டை மோதிர விரலும் சுண்டுவிரலும் மட்டும் சுற்றிப் பிடிக்கின்றன. உள்பக்க மேலட்டின் முனை கட்டைவிரலின் அடிச்சதைக்குப் பக்கத்தில் உள்ளங்கையில் அமரும், நடுவிரல் அதைத் தாங்கும், கட்டைவிரலும் ஆள்காட்டியும் தண்டை நடத்தும். இரண்டு மேலட்டுக்கும் நடுவே இடைவெளியை அகலமாக்கும்போது உள்தண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் இடையே உருள வேண்டும். உருளும் இடம்தான் காய்க்கிறது. அது இயல்பு. சுண்டுவிரல் பக்கம் கொப்புளம் வருவதும், அடியில் வலிப்பதும் இயல்பில்லை.

பர்ட்டன் பிடியாக இருந்தால், அதாவது வைப்ரபோன் (மரிம்பா போன்றது, உலோகக் கட்டைகள் கொண்டது) கலைஞர் கேரி பர்ட்டனின் முறை, இரண்டு தண்டும் உள்ளங்கையில் குறுக்காக ஒன்றின்மேல் ஒன்று படுக்கும், ஆள்காட்டி விரல் நடுவில் போகும். அவர்களுக்கு ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் இடையில்தான் புண்ணாகும். எந்தப் பிடி உசத்தி என்று வாத்தியார்கள் சண்டை போட்டுக்கொள்வதுண்டு. ஜப்பானின் கெய்கோ அபே தண்டுகள் குறுக்கே போகும் பழைய பிடியிலேயே வாசித்து மரிம்பாவை உலக மேடைக்குக் கொண்டுபோனவர், ஆகவே அந்தச் சண்டையில் நான் சேர்வதில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: நிகழ்ச்சிக்கு ஆறு வாரம் இருக்கும்போது பிடியை மாற்றாதீர்கள். யாராவது "பிடியை மாத்திடு, சரியாயிடும்" என்றால் கேட்க வேண்டாம். புதுப் பிடியில் புது இடங்களில் புதுக் கொப்புளம் வரும், பாட்டும் கையை விட்டுப் போகும்.

அப்படியானால் எதைச் சரிசெய்வது? இறுக்கத்தை. ஸ்டீவன்ஸ் பிடியில் கை, ஒருவரோடு கைகுலுக்கப் போகும்போது இருப்பதுபோலக் கட்டைவிரல் மேலே பார்க்க நிற்க வேண்டும். பிள்ளைகள் சோர்ந்ததும் உள்ளங்கையைக் கவிழ்த்துவிடுவார்கள். கவிழ்த்த நொடியில் வெளிமேலட் தொங்கத் தொடங்கும், அதைக் கீழே விடாமல் இருக்கச் சுண்டுவிரல் நசுக்கிப் பிடிக்கும். சுண்டுவிரலுக்கு அந்த வேலைக்கான பலம் கிடையாது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அவள் நான்கு மேலட்டையும் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கட்டும். நீங்கள் வெளிமேலட்டின் தலையை ஒரு விரலால் மெல்லத் தட்டுங்கள். அது கொஞ்சம் ஆடிவிட்டுத் தன் இடத்துக்கு வர வேண்டும். அசையாமல் கல்போல நின்றால் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். நகம் வெளுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இறுக்கம் கையில் மட்டும் தொடங்குவதில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கே பல வருடம் ஆனது. கருவியின் உயரம் ஒரு காரணம். பள்ளி மரிம்பாவை யாரோ ஒரு உயரமான பையனுக்காக ஒருமுறை ஏற்றி வைத்திருப்பார்கள், பிறகு யாரும் தொடமாட்டார்கள். உங்கள் மகள் குள்ளமாக இருந்தால் தோளைத் தூக்கிக்கொண்டு வாசிப்பாள், தோள் தூக்கினால் விரல் இறுகும். முன்கை தரைக்குச் சமமாகவோ சற்றே கீழ்நோக்கியோ இருக்கும்படி கருவியை இறக்கச் சொல்லுங்கள். இறக்க முடியாத கருவியென்றால் கீழே ஒரு பலகை போட்டு அதன்மேல் நிற்கலாம். நான் என் வகுப்பில் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையைத்தான் போட்டிருக்கிறேன்.

இன்னொரு காரணம் அடிக்கும் இடம். மரிம்பாவின் ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு பக்கமும் கயிறு நுழையும் இடம் உண்டு. நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டி இருக்கும் அந்த இடத்தில் கட்டை அதிர்வதே இல்லை. அதனால்தான் அங்கே துளை போட்டுக் கயிறு கோத்திருக்கிறார்கள். நான்கு மேலட்டோடு தடுமாறும் பிள்ளை அந்தக் கயிற்றின்மேலேயே அடிக்கும். சத்தம் செத்து வரும். சத்தம் வரவில்லையே என்று இன்னும் ஓங்கி அடிக்கும். வலி அதில் பிறக்கிறது. கட்டையின் நடுவில், அல்லது மேல்வரிசையில் ஓரத்து முனையில் அடித்தால், பாதி பலத்தில் இரண்டு மடங்கு நாதம் வரும். ஒரு வாரம் இதை மட்டும் கவனித்து என் மாணவன் ஒருவனுக்கு மணிக்கட்டு வலி போயிருக்கிறது.

மேலட்டையும் பாருங்கள். தண்டு பிர்ச் மரமா, பிரம்பா? பிர்ச் விறைப்பானது, பிரம்பு வளையும். ஸ்டீவன்ஸ் பிடிக்குப் பெரும்பாலும் பிர்ச் தருவார்கள். தலை கனமாகவும் தண்டு நீளமாகவும் இருந்தால் சுண்டுவிரல்தான் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும், ஆகவே பள்ளியில் லேசான ஜோடி இருந்தால் பயிற்சிக்கு அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சில தண்டுகளில் வார்னிஷ் கண்ணாடிபோல மின்னும். வியர்த்தால் வழுக்கும், வழுக்கினால் இறுக்கத் தோன்றும். நயமான உப்புத்தாளால் பிடிக்கும் பகுதியை மட்டும் மெல்ல நாலு இழுப்பு இழுத்தால் பளபளப்பு போய்விடும். பள்ளியின் மேலட் என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கிரிக்கெட் மட்டைக்குச் சுற்றுவதுபோல ரப்பர் கிரிப் சுற்ற வேண்டாம். தண்டு கைக்குள் உருள வேண்டிய பிடி இது. ரப்பர் சுற்றினால் தண்டுக்குப் பதில் தோல்தான் உருளும்.

கையுறை கூடாது என்று சொன்னதும் இதனால்தான். துணி நடுவே வந்தால் மேலட் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது, தெரியாததால் இறுக்கிப் பிடிக்கும். "தவில்காரர்கள் மட்டும் விரலுக்குக் கூடு போடுகிறார்களே" என்று கேட்கலாம். என் பெரியப்பா மேட்டுப்பாளையம் பக்கம் கோயில்களில் தவில் வாசித்தவர். துணியையும் பசையையும் சுற்றிச் சுற்றிக் காயவைத்துக் கல்போல அந்தக் கூட்டைச் செய்வார். ஆனால் அது வலது கை விரல்களுக்கு, விரலே தோலை அடிப்பதால். இடது கையில் கழி பிடிப்பாரே, அந்தக் கைக்கு ஒன்றும் போட்டுக்கொண்டதில்லை. குச்சி பிடிக்கிற கை வெறுங்கையாகத்தான் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு தேவையென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் துணி பிளாஸ்திரி போதும். மெல்லியதாக, ஒரே ஒரு சுற்று, விரல் மூட்டின்மேல் படாமல். பேண்டெய்ட் ஒட்டினால் நடுவில் இருக்கும் பஞ்சு நகர்ந்து சுருண்டு இன்னும் மோசமாக்கும்.

இனி நம் மலைக்கே உரிய விஷயம். டிசம்பர், ஜனவரியில் காலை ஏழு மணிக்கு ஒரு இசை அறைக்குள் நுழைந்து பாருங்கள், இரும்புச் சட்டத்தைத் தொட முடியாது. குளிரில் விரலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, தொடுவுணர்வு மங்குகிறது. மங்கிய விரல் எப்போதும் தேவைக்கு மேல் இறுக்கும். போதாததற்கு அந்த மாதங்களில் தோல் வறண்டு, காய்ப்பின் ஓரம் வெடிக்கும். மழைக்காலத்தில் நேர்மாறு. மூடுபனி அறைக்குள் வந்துவிட்டால் கை ஈரமாகவே இருக்கும். லேசாக ஈரமான தோல்தான் காய்ந்த தோலைவிட அதிகமாக உரசும், கொப்புளமும் அப்போதுதான் அதிகம். சமவெளியில் வாசிக்கிற பிள்ளைக்கு இந்த இரண்டு தொல்லையும் இவ்வளவு கிடையாது.

ஆகவே வாசிப்பதற்கு முன் கையைச் சூடாக்க வேண்டும். கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகட்டும். போனதும் தோளையும் முழங்கையையும் இரண்டு நிமிடம் சுழற்றட்டும். சூடான டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாலே பாதி வேலை முடியும். வெந்நீரில் கையை ஊறவைத்துவிட்டு உடனே வாசிக்கக் கூடாது. ஊறிய தோல் மெத்தென்று ஆகி எளிதில் கிழியும். ஊறவைப்பது இரவு வேலை.

இரவில் என்ன செய்ய வேண்டும் என்றால், வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கையை வைத்து, காய்ப்பு மேடாகத் துருத்திக்கொண்டிருந்தால் மட்டும் நுரைக்கல்லால் மெல்லத் தேய்த்து அந்த மேட்டைச் சமப்படுத்துங்கள். முழுக்க எடுக்கக் கூடாது. காய்ப்பின் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்பதுதான் ஆபத்து, மேலட் அதில் சிக்கி இழுத்தால் அடியோடு பிய்யும். பிறகு வாசலினோ, யூரியா கலந்த கிரீமோ தடவிப் படுக்கட்டும். தேங்காய் எண்ணெயும் சரிதான், என்ன, குளிர்காலத்தில் பாட்டிலை அடுப்புப் பக்கம் வைத்து உருக்க வேண்டும். காலையில் எண்ணெய்ப் பசை போகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மேலட்டைத் தொட வேண்டும்.

பிளேடு வேண்டாம் என்பதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். இருபத்திரண்டு வயதில் ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னால், அசிங்கமாக இருக்கிறது என்று சவர பிளேடால் காய்ப்பைச் சீவினேன். கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது. மூன்றாம் நாள் சீழ் பிடித்து, விரல் வீங்கி, நிகழ்ச்சியன்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுத்தாளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கால் ஆணிக்கு ஒட்டுகிற கார்ன் கேப்பையும் விரலில் ஒட்டாதீர்கள். அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும்.

கொப்புளம் சின்னதென்றால் உடைக்காமல் விடுங்கள். மேல்தோல்தான் அதற்கு நல்ல கட்டு. பெரிதாகி அழுத்தினால், கையைச் சோப்பால் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் ஒரு குத்து குத்தி நீரை வடியவிடலாம். தோலைப் பிய்க்கக் கூடாது. வாசலின் தடவிச் சுத்தமான துணியால் மூடுங்கள். சுற்றிலும் சிவந்து சூடேறினாலோ, சீழ் வந்தாலோ, சிவப்புக் கோடு கையில் மேலே ஏறினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் அவர்கள் இந்த ஊசி வேலையைத் தங்கள் உடம்பில் செய்யவே கூடாது.

இப்போது எனக்கு உண்மையில் கவலை தருகிற விஷயம், சுண்டுவிரல் அடியில் வலியும் காலை விறைப்பும். காய்ப்பும் கொப்புளமும் தோலின் பாடு. இது தசைநாண் பாடு. விரலை மடக்கும் நாண், விரலின் அடியில் ஒரு வளையத்துக்குள் போய் வருகிறது. தொடர்ந்து நசுக்கிப் பிடித்தால் அங்கே நாண் வீங்கி, வளையத்தில் சிக்கும். காலையில் விறைப்பு, பிறகு மடக்கிய விரல் "டக்" என்று சொடுக்கி நிமிர்வது, கடைசியில் மடங்கியபடியே நிற்பது என்று அது முற்றலாம். உங்கள் மகளுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, வெறும் சோர்வாகவும் இருக்கலாம். ஆனால் வலியோடு வாசித்துப் பழகினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அது காய்ப்புக்கு வேண்டுமானால் கொஞ்சம் பொருந்தும், நாணுக்குப் பொருந்தாது.

இரண்டு வாரம் இப்படிப் போகட்டும். நான்கு மேலட் ஒரு நாளைக்கு இரண்டு முறை, முறைக்குப் பத்து நிமிடம். வலி வந்த நொடியில் கீழே வைத்துவிட வேண்டும், பாட்டின் வரி முடியட்டும் என்று இழுக்கக் கூடாது. மற்ற நேரத்தில் கைக்கு ஒரு மேலட் வைத்து மெதுவாக வாசிக்கலாம், அதுவும் வலிக்கவில்லையென்றால். ஒரே கையின் இரண்டு மேலட்டையும் மாறிமாறி உதறுகிற உருட்டு இருந்தால் அதைத் தற்காலிகமாகத் தனித்தனி அடியாக மாற்றிக் கேளுங்கள், விரல்களை அதிகம் களைக்க வைப்பது அதுதான். மீதிப் பயிற்சி வாயால். மிருதங்கக்காரர் சொற்கட்டு சொல்வதுபோலத் தாளத்தைக் கைதட்டிப் பாடட்டும். வாயில் ஏறாத இடம்தான் கையிலும் தடுமாறும், தடுமாறுமிடத்தில்தான் கை இறுகும். மூன்றாம் வாரம் முதல், வலி இல்லையென்றால், நாளுக்கு ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போகவே வேண்டாம்.

இரண்டு வாரத்தில் குறையவில்லை, விரல் சொடுக்குகிறது, மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப் போகின்றன, இரவில் கட்டைவிரல் பக்கம் மரத்து எழுந்துவிடுகிறாள், மணிக்கட்டில் கட்டைவிரல் ஓரம் சுருக்கென்கிறது, இதில் எது நடந்தாலும் எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள். மேலட்டையும் எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள், வாயால் விளக்கினால் அவர்களுக்குப் புரியாது. காலை விறைப்பு ஒரு மணி நேரம் நீடித்து, பல மூட்டு வீங்கினால் அது வாசிப்பால் வந்ததாக இல்லாமலிருக்கலாம், அப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும். குளிரில் விரல் வெள்ளையாக, பிறகு நீலமாக மாறுகிறதென்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பள்ளி வாத்தியாரிடம் நீங்களே ஒருமுறை பேசுவது நல்லது. பிள்ளைகள் தாங்களாகச் சொல்லமாட்டார்கள், இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களோ என்ற பயம்.

அம்மாயியின் கவலையையும் எழுதியிருந்தீர்கள், பெண் பிள்ளைக்குக் கை இப்படி ஆகலாமா என்று. வாசிப்பை விட்டால் சில வாரத்தில் காய்ப்பு உதிர்ந்துவிடும். மே மாத விடுமுறை முடிந்து வரும்போது என் கையே புதுக்கையாக இருக்கும், ஜூனில் மறுபடி கொப்புளத்திலிருந்து தொடங்க வேண்டும். கூடவே அவர் தேய்க்கும் தைலத்தைப் பற்றியும் பக்குவமாகச் சொல்லுங்கள். விண்டர்கிரீன் ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது, தோல் வழியே உடம்புக்குள் போகும். உடைந்த கொப்புளத்தின்மேல் படவே கூடாது, தேய்த்தபின் துணி கட்டி ஒத்தடமும் கொடுக்கக் கூடாது. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அறவே ஆகாது. முன்கைத் தசையில் எப்போதாவது லேசாகத் தடவினால் இதமாக இருக்கும், அதோடு சரி, அதுவும் வாசித்து முடித்த பிறகு. அந்தப் பாட்டிலை மட்டும் இன்றைக்கே அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுங்கள். மூன்று வயதுப் பையனும் வீட்டில் இருக்கிறான் என்றீர்கள், அதில் ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே அந்த வயதுக்கு உயிராபத்து.